அரை நொடி நிற்கும் டிஸ்க்

24 மைக் வைத்து ஒரு கச்சேரியை லினக்ஸ் கணினியில் நேரடியாகப் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மைக்கிலிருந்தும் நொடிக்கு 48,000 சாம்பிள்கள் வருகின்றன. ஒரு சாம்பிளுக்கு 4 பைட். எல்லாம் சேர்த்து நொடிக்கு 4.6 எம்பி. நொடிக்கு 100 எம்பிக்கு மேல் எழுதக்கூடிய சாதாரண ஹார்டு டிஸ்க்குக்கு இது ஒரு சுமையே இல்லை. ஆனாலும் பிறகு போட்டுக் கேட்டால், ஆலாபனையின் நடுவே ‘டிக்’ என்று ஒரு சத்தம். அந்த இடத்தில் சில மில்லி விநாடி இசை காணாமல் போயிருக்கும். பதிவு மென்பொருளின் மூலையில் ‘எக்ஸ்ரன்’ என்ற எண்ணிக்கை ஒன்றிரண்டு ஏறியிருக்கும். பாடியவர் அந்தச் சங்கதியை அதேபோல இன்னொரு முறை பாடப்போவதில்லை. அதனால்தான் இந்தச் சின்னத் தடங்கலை வேரோடு பிடிக்க வேண்டியிருக்கிறது.

இப்படி நடந்ததும் பலர் முதலில் செய்வது வேகமான டிஸ்க் ஒன்றை வாங்குவது. பெரும்பாலும் அந்தப் பணம் வீண். சராசரியாக நொடிக்கு எத்தனை எம்பி எழுத முடியும் என்பதைத்தான் பெட்டியில் அச்சிட்டு விற்கிறார்கள். நமக்குத் தெரிய வேண்டியதோ, மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு முறையாவது அந்த டிஸ்க் எவ்வளவு நேரம் பதில் சொல்லாமல் நிற்கும் என்பது.

ஆடியோ கார்டுக்குக் காத்திருக்கத் தெரியாது. ஒரு தவணைக்கு 128 சாம்பிள் என்று அமைத்திருந்தால், 2.67 மில்லி விநாடிக்கு ஒரு தரம் கர்னல் ஆடியோ த்ரெட்டை எழுப்பும். எழுந்த த்ரெட் வந்த ஒலியை வாங்கி, கணக்குகளை முடித்து, வெளியே போக வேண்டிய ஒலியை ஒப்படைத்துவிட வேண்டும். அடுத்த தவணை வரும்போதும் முந்தைய வேலையிலேயே மாட்டிக்கொண்டிருந்தால் அதுதான் எக்ஸ்ரன். லினக்ஸ்சிஎன்சி வைத்து லேத்தையோ மில்லிங் மெஷினையோ ஓட்டுபவர்களுக்கும் இதே நெருக்கடிதான். அங்கே மோட்டாரின் நிலையைச் சரிபார்க்கும் த்ரெட் வழக்கமாக 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஓடும்.

இனி டிஸ்க்குப் பக்கம் வருவோம். ஒரு நிரல் கோப்பில் எழுதச் சொன்னால் கர்னல் உடனே டிஸ்க்குக்கு ஓடுவதில்லை. தகவலை ரேமில் இருக்கும் பேஜ் கேஷில் நகல் எடுத்து, அந்தப் பக்கத்துக்கு ‘டர்ட்டி’ என்று அடையாளம் போட்டு, ‘எழுதியாயிற்று’ என்று திரும்பிவிடும். இதற்குச் சில மைக்ரோ விநாடி போதும். உண்மையில் டிஸ்க்கில் எழுதுவது பின்னணியில் ஓடும் ஃப்ளஷர் த்ரெட்டின் வேலை. அது 5 நொடிக்கு ஒருமுறை விழித்து, 30 நொடிக்கு மேல் பழசாகிவிட்ட பக்கங்களை எழுதும். டர்ட்டி பக்கங்கள் கிடைக்கக்கூடிய ரேமில் 10 சதவீதத்தைத் தாண்டினால் பழசு, புதுசு பார்க்காமல் எழுதத் தொடங்கும். 20 சதவீதம் மேல் எல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே, 15 சதவீதத்தைத் தாண்டியதுமே, கர்னல் எழுதுகிறவனையே பிடித்துத் தூங்க வைக்க ஆரம்பிக்கிறது. ஒரு தூக்கம் அதிகபட்சம் 200 மில்லி விநாடி வரை போகலாம். 2.67 மில்லி விநாடித் தவணையில் இது 75 தவணைகள்!

சதவீதத்தில் எல்லை வைத்த காலத்தில் கணினிகளில் ரேம் மிகக் குறைவு. இன்று 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் 15 சதவீதம் என்றால் 2.4 ஜிபி. பதிவு நடக்கும்போது பக்கத்தில் யாரோ ஒரு பெரிய வீடியோவை நொடிக்கு 10 எம்பி மட்டுமே எழுதத் தெரிந்த பென் டிரைவில் நகலெடுக்கிறார் என்றால், அந்த 2.4 ஜிபி வடிய நாலு நிமிடம் ஆகும். ஒரு மெதுவான சாதனம் வேறு டிஸ்க்கில் எழுதுகிறவர்களையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கும் இந்தக் கோளாறைப் பற்றி 2013இல் கர்னல் உருவாக்குநர்களிடையே பெரிய விவாதமே நடந்தது. அதற்கு முன்பே, 2012 தொடக்கத்தில் வந்த 3.2 கர்னலில், தூங்க வைக்கும் முறை ஒழுங்குபடுத்தப்பட்டது. 2017இல் வந்த 4.10 கர்னலில், பின்னணி எழுத்து டிஸ்க்கின் வரிசையை முழுக்க அடைத்துவிடாதபடி ஒரு கட்டுப்பாடு சேர்ந்தது. நிலைமை நிறையவே தேறியிருக்கிறது. ஆனால் சதவீத எல்லைகள் இன்றும் அப்படியேதான் இருக்கின்றன.

டிஸ்க்கில் இடமிருந்து, டர்ட்டி பக்கங்கள் குறைவாக இருந்தும் எழுத்து நிற்பதுண்டு. காரணம் ஜர்னல். எக்ஸ்ட்4 கோப்பு முறைமை கோப்பின் நீளம், மாறிய நேரம் போன்ற விவரங்களை முதலில் ஜர்னலில் குறித்துவைத்து, 5 நொடிக்கு ஒருமுறை மொத்தமாக முடித்துவைக்கிறது. ஒரு டேட்டாபேஸ் ‘எஃப்சிங்க்’, அதாவது ‘இப்போதே டிஸ்க்கில் இறக்கு’ என்று கேட்டால் உடனே முடித்தாக வேண்டும். அப்படி முடிக்கும் தறுவாயில் வேறொரு நிரல் தன் லாக் கோப்பில் ஒரே ஒரு வரியைச் சேர்க்க வந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான். அதற்கு முந்தைய எக்ஸ்ட்3இல் இது இன்னும் மோசம்: ஒருவர் எஃப்சிங்க் கேட்டால் மற்றவர்களின் தேங்கிய தகவலும் சேர்ந்து டிஸ்க்கில் இறங்கும். 2008இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 வெளிவரவிருந்த சமயத்தில், பக்கத்துக்குப் பக்கம் அது கேட்ட எஃப்சிங்க்கால் லினக்ஸ் பயனர்களின் திரை நொடிக்கணக்கில் உறைந்தது இதனால்தான். ஜாக் ஆடியோ சர்வர் நிரல்களை ஒன்றையொன்று எழுப்பப் பயன்படுத்தும் பைப்புகளை ‘டெம்ப்’ அடைவில் வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அந்தப் பைப்புகளில் ஓடும் தகவலுக்கும் டிஸ்க்குக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அந்த அடைவு ஜர்னல் உள்ள டிஸ்க்கில் இருந்ததால், நேரக் குறிப்பைத் திருத்தும் சின்ன வேலைகூட எக்ஸ்ரன்னாக வெடித்தது. ரேமிலேயே இருக்கும் டெம்ப்எஃப்எஸ்ஸுக்கு அதை மாற்றியதும் அடங்கியது.

மூன்றாவது காரணம் சாதனமே. 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி விநாடி. மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கிவிட்ட டிஸ்க் மீண்டும் வேகம் பிடிக்கச் சில நொடி. கெட்டுப்போன செக்டரை அது திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தால் கர்னல் வழக்கமாக 30 நொடி வரை பொறுமையாகக் காத்திருக்கும். எஸ்எஸ்டியில் வேகமான எழுத்துப் பகுதி நிரம்பிவிட்டால், உள்ளே பழைய பிளாக்குகளை அழித்து இடம் பண்ணும் வேலை முன்னுக்கு வந்து, நம் எழுத்து பின்னுக்குப் போகும். ராஸ்பெரி பையில் போடும் மெமரி கார்டில் அரை நொடி நிற்பது சர்வ சாதாரணம்.

எந்தக் காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் டிமெசேஜ் பார்க்க வேண்டும். அங்கே டிஸ்க் ரீசெட், டைம்அவுட் என்று வரிகள் இருந்தால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. கேபிளையோ டிஸ்க்கையோ மாற்றுங்கள். சுத்தமாக இருந்தால், ப்ராக் அடைவில் ‘மெம்இன்ஃபோ’ கோப்பின் டர்ட்டி, ரைட்பேக் என்ற இரு எண்களை நொடிக்கு ஒருமுறை பார்த்தபடி பதிவை ஓட்டுங்கள். டர்ட்டி மெல்ல மெல்ல ஏறி, ஏதோ ஒரு உயரத்தில் முட்டி நிற்கும் நேரத்தில் எக்ஸ்ரன் வந்தால் சந்தேகம் எல்லையின் மேல். 2018 இறுதியில் வந்த 4.20 கர்னலிலிருந்து ‘ப்ரெஷர்’ அடைவில் ‘ஐஓ’ என்றொரு கோப்பும் இருக்கிறது. டிஸ்க்குக்காக நிரல்கள் எத்தனை சதவீத நேரம் காத்துக்கிடந்தன என்பதை அது நேரடியாகச் சொல்லும்.

ஐஓஸ்டாட்டை எல்லோரும் சொல்வார்கள், நல்ல கருவிதான். ஆனால் அது காட்டுவது அந்த நொடியின் சராசரி. ஆயிரம் எழுத்துகள் சட்டென முடிந்து ஒன்று மட்டும் 400 மில்லி விநாடி நின்றிருந்தால், சராசரி அழகாகவே இருக்கும். தனித்தனி எழுத்துகளைக் காலவாரியாகப் பிரித்துக் காட்டும் பயோலேட்டன்சி போன்ற கருவிதான் இங்கே உதவும். அதன் கடைசி வரிசையில் தனியே நிற்கும் ஒன்றிரண்டு எழுத்துகள்தான் நம் குற்றவாளிகள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த வழி, நின்ற த்ரெட்டையே கேட்பது. டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் த்ரெட் பிஎஸ் பட்டியலில் ‘டி’ என்ற எழுத்தோடு தெரியும். அந்த நிமிடத்தில் ப்ராக் அடைவில் அதன் எண்ணுக்குக் கீழே உள்ள ‘ஸ்டாக்’ கோப்பை ரூட் பயனராகத் திறந்தால், கர்னலுக்குள் எந்த வாசலில் நிற்கிறது என்பது வரிவரியாக இருக்கும். ‘பேலன்ஸ் டர்ட்டி பேஜஸ்’ என்று இருந்தால் ரேம் எல்லையில் தூங்க வைக்கப்பட்டிருக்கிறது. ‘வெயிட் டிரான்சாக்‌ஷன் லாக்ட்’ என்றால் ஜர்னல் வாசல். ‘ஃபைல்மேப் ஃபால்ட்’ என்றால் எழுத்தே இல்லை. நிரலின் சொந்தக் குறிமுறை ரேமிலிருந்து வெளியே தள்ளப்பட்டு, அதைத் திரும்பப் படிக்கக் காத்திருக்கிறது. ‘எம்லாக்ஆல்’ மூலம் தன்னை ரேமில் பூட்டிக்கொள்ளாத ஆடியோ நிரலுக்கு இந்தக் கடைசி நிலை வரும். கோப்பில் ஒரு பைட்கூட எழுதாத நிரலும் டிஸ்க்குக்காக நிற்கும் விந்தை இப்படித்தான் நேர்கிறது. சில வரிகளில் இவ்வளவு தெளிவாகத் தன் உள்ளைத் திறந்து காட்டும் இயங்குதளம் நம் கையில் இருப்பது பெரிய பாக்கியம்.

தீர்வில் முதல் இடம் நிரலின் கட்டமைப்புக்கு. நேரம் தவறக்கூடாத த்ரெட் கோப்பைத் தொடவே கூடாது. ஒரு லாக் வரிகூட எழுதக்கூடாது. ஆர்டோர் பதிவு மென்பொருளை எழுதிய பால் டேவிஸ்தான் ஜாக்கையும் எழுதியவர். ஆர்டோரில் டிஸ்க் வேலைக்கென்றே ‘பட்லர்’ என்றொரு தனி த்ரெட் இருக்கிறது. ஆடியோ த்ரெட் ஒலியை ரேமில் உள்ள ரிங் பஃபரில் போட்டுவிட்டுப் போய்விடும். பட்லர் அங்கிருந்து எடுத்துக் கோப்பில் எழுதும். அறுவடைக் களத்தில் நெல் வந்து குவிந்துகொண்டே இருக்கும், லாரி வரும்போது ஏற்றிக்கொள்வார்கள். களம் போதிய அகலம் இருந்தால் லாரி தாமதத்துக்காக அறுப்பு நிற்காது. 5 நொடி ஒலிக்கு ஒரு டிராக்குக்கு 1 எம்பிக்கும் குறைவு, 24 டிராக்குக்கு 23 எம்பி. இன்றைய ரேமில் இது ஒன்றுமே இல்லை.

இதிலிருந்து நோயறிய ஒரு நல்ல குறியும் கிடைக்கிறது. இப்படிக் கட்டிய மென்பொருளில் பஃபர் நிரம்பி வழிந்தால் ‘டிஸ்க்கால் ஈடுகொடுக்க முடியவில்லை’ என்று தனிச் செய்தி வரும். அது வராமல் எக்ஸ்ரன் மட்டும் வருகிறதென்றால், நின்றது பட்லர் அல்ல, ஆடியோ த்ரெட். அப்போது டிஸ்க்கைக் குடைவதை விட்டுவிட்டு, ஏதாவது ப்ளகின் ஆடியோ த்ரெட்டுக்குள்ளிருந்தே கோப்பைத் தொடுகிறதா, ரேம் பூட்டப்பட்டிருக்கிறதா, சிபியு யாரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தேட வேண்டும். ரியல்டைம் கர்னல் உதவுவது அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான். இருபது ஆண்டு உழைப்புக்குப் பிறகு ப்ரீஎம்ட் ஆர்டி 2024 நவம்பரில் வெளியான 6.12 கர்னலில் முழுமையாகச் சேர்ந்தது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அது சிபியுவுக்கான காத்திருப்பைத்தான் சுருக்கும். டிஸ்க் எழுதி முடிக்கும் நேரத்தை அதனால் ஒரு துளியும் குறைக்க முடியாது.

அடுத்தது கர்னல் அமைப்புகள். சதவீதத்துக்குப் பதிலாக ‘டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ்’, ‘டர்ட்டி பைட்ஸ்’ என்ற இரண்டிலும் நேரடியாக அளவு கொடுக்கலாம். 64 எம்பி, 256 எம்பி என்று தொடங்கிப் பாருங்கள். ஃப்ளஷர் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எழுதும். ஒரேயடியாக இரண்டு ஜிபி இறங்கும் நிலை வராது. பதிவுக் கோப்புகளுக்குத் தனி டிஸ்க் வைத்தால் ஜர்னல் வாசலில் டேட்டாபேஸோடு நெருக்கியடிக்க வேண்டாம். ஹார்டு டிஸ்க் என்றால் பிஎஃப்க்யூ ஷெட்யூலர் நல்லது. ஐஓநைஸ் மூலம் கொடுக்கும் முன்னுரிமையையும் அது முறையாக மதிக்கும். எஸ்எஸ்டியில் வாராந்திர டிரிம் கச்சேரி நேரத்தில் வந்து விழாதபடி நேரத்தை மாற்றி வையுங்கள்.

சோதனை மட்டும் பத்து நிமிடத்தில் முடியாது. 24 டிராக்கில் மூன்று மணி நேரம் என்றால் 50 ஜிபி. எஸ்எஸ்டியின் வேகப் பகுதி எப்போது நிரம்பும் என்பது அவ்வளவும் எழுதினால்தான் தெரியும். கச்சேரியன்று டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்குமோ அவ்வளவு நிரப்பிவைத்து, எஃப்ஐஓ கருவியை விட்டு இடையிடையே எஃப்சிங்க் அடிக்கச் செய்து, முழு நீளத்துக்கும் பதிவை ஓட்டுங்கள். கடைசியில் எஃப்ஐஓ தரும் சராசரியைத் தாண்டி, அதிகபட்சக் காத்திருப்பு என்ற ஒரே எண்ணை ரிங் பஃபரின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். அதிகபட்சம் 900 மில்லி விநாடி, பஃபர் 5 நொடி என்றால், அந்த டிஸ்க்கை அப்படியே விட்டுவிடலாம்.