தென்னைநார்க் கழிவால் கழிவுநீரைத் தூய்மைப்படுத்த இயலுமா?

அந்தமானின் பாராடாங் தீவில் சாயப்பட்டறைகள் இல்லை. சுண்ணாம்புக் குகைகளையும் சேற்று எரிமலையையும் காண வருவோர் உண்டு, தென்னையும் உண்டு. உரித்த மட்டையைக் கொண்டே கழிவுநீரைத் தூய்மைப்படுத்தலாம் என்ற யோசனை இத்தகைய தீவுகளுக்கு ஏற்றதாகவே தோன்றும். ஆனால் அதன் வலிமையும் வரம்பும் வெளிப்பட்டது கொங்கு மண்டலத்தில்தான்.

நாரைப் பிரித்தபின் மிஞ்சும் தூள் எளிதில் மட்குவதில்லை. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் சி. நமசிவாயம் குழுவினர் இத்தூளைக் கரியாக்கி, 'காங்கோ சிவப்பு' என்னும் சாயம் கலந்த நீரில் இட்டுச் சோதித்தனர். 2002-ல் வெளியான முடிவின்படி, ஒரு கிராம் கரி ஈர்த்த சாயம் 6.7 மில்லிகிராம். கணக்கிட்டால் ஒரு கிலோ கரிக்கு ஏழு கிராம்கூட இல்லை. ஆய்வகத்துக்கு இது வெற்றியே. ஆலைக்கோ வண்டி வண்டியாகக் கரி தேவைப்படும். சாயம் ஏறிய கரியை எங்கே கொட்டுவது என்பது அடுத்த சிக்கல்.

திருப்பூரின் நோயோ வேறு. நொய்யலைப் பாழாக்கியது நிறம் மட்டுமன்று. சாயமேற்றப் பயன்படும் உப்பும்தான். கரைந்த உப்பைக் கரி பிடிக்காது. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையும் ஆவியாக்கும் கலன்களுமே அவை மீண்டும் இயங்க வழிசெய்தன.

தூய்மைப்படுத்த வந்த பொருளே மாசாவதும் உண்டு. நனைந்த தூளிலிருந்து கசியும் பழுப்பு நீர் நிலத்தடி நீரைக் கெடுப்பதாகப் புகார்கள் எழுந்த நிலையில், 2021-ல் தமிழகத்தில் தென்னைநார் ஆலைகள் வெள்ளைப் பட்டியலிலிருந்து ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டன.

பாராடாங் போன்ற ஊர்களின் கழிவுநீர் அளவில் சிறியது. சாயப்பட்டறை நீரின் உப்புச்சுமை அதில் இல்லை. அங்கே கரி வடிகட்டி கடைசிப் படியாக உதவக்கூடும். ஆனால் வண்டலை முன்பே பிரித்தாக வேண்டும். கிருமிகளைக் கொல்லவும் தனி ஏற்பாடு வேண்டும்.