கடலோரத்தில் ஒரு வீட்டு வண்டி

கலிபோர்னியாவில், பிக் சர் மலைச்சரிவை வெட்டி 1937-இல் திறக்கப்பெற்ற முதலாம் எண் நெடுஞ்சாலையில், முப்பது அடி நீள வீட்டு வண்டியொன்றில் தெற்கு நோக்கிச் சென்றோம். அடுப்பும் படுக்கையும் உள்ளேயே உண்டு. அங்கே வலப்புறம் செல்வதே விதி. ஆதலால் தெற்கே போவோருக்குக் கடற்பக்க விளிம்பே வாய்க்கும். 260 அடிக்கு மேல் உயர்ந்த பிக்ஸ்பி பாலத்தைக் குழந்தைகள் கண்டு களித்தனர். ஓட்டியவர் கண்டது சாலைக் கோட்டை மட்டுமே. வலப்புற வளைவுகளில் பின்சக்கரம் பள்ளத்தை நெருங்குமோ என்றஞ்சி ஊர்ந்தோம். பின்னே ஏழு கார்கள்! ஐந்து வண்டிகள் தேங்கினாலே ஒதுங்குமிடத்தில் விலகி வழிவிட வேண்டுமென்பது அம்மாநிலச் சட்டம். வெட்கத்துடன் ஒதுங்கினோம். கடந்து சென்றோர் கையசைத்தனர். அங்கு நின்றபோதுதான் ஓட்டியவரும் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்.