ஓதமும் உள்ளான்களும்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள வாஷ் விரிகுடாவில், கிரீன்லாந்திலும் கனடாவின் வடகோடியிலும் குஞ்சு பொரித்த நாட் என்னும் உள்ளான்கள் இலையுதிர்காலத்தில் ஆயிரமாயிரமாய் வந்திறங்குகின்றன. பெரியவை முன்னரே போய்விட, இளம் பறவைகள் வழிகாட்டுவாரின்றித் தாமாகவே சமுத்திரத்தைக் கடந்து வந்து சேர்வதைப் போன்ற ஆச்சரியம் வேறொன்று உண்டோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நீர் வடிந்த சேற்றுவெளியெங்கும் சிதறி மேயும் இப்பறவைகளை, சுமார் பன்னிரண்டரை மணிக்கொருமுறை ஏறிவரும் ஓதம் கரைமேட்டுக்குத் துரத்திவிடுவதால், அவற்றைக் காண விரும்புவோர் ஓதம் உச்சமடைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சென்று காத்திருத்தல் நலம்.

புதைந்து கிடக்கும் சிறு சிப்பியை அவை அறிவது எப்படி? அலகை ஈரமணலில் விரைந்து குத்துகையில் மணற்றுகள்களின் இடையிலுள்ள ஜலத்தில் எழும் அழுத்தம், கடினமான பொருளொன்று தடுத்தால் மாறுபடுகிறது என்றும், அம்மாறுபாட்டை அலகு நுனியின் நுண்குழிகளில் நெருங்கியிருக்கும் ஹெர்ப்ஸ்ட் நுண்ணுறுப்புகள் உணர்கின்றன என்றும், தெயூனிஸ் பியர்ஸ்மாவும் அவருடைய சக விஞ்ஞானிகளும் 1998-இல் விளக்கினர். தொட்டறியாமலே அறியும் புலன் இது!

ஒவ்வொரு பறவையையும் தனித்து அடையாளம் காண அதன் காலில் மாட்டும் உலோக வளையத்தின் நுண்ணிய எண்ணைப் படிக்கப் பெரும்பாலும் பறவையை மீண்டும் பிடிக்க வேண்டியிருந்தமையால், தொலைநோக்கியிலேயே படிக்கத்தக்க எழுத்துப் பொறித்த வண்ணக் கொடியை, சேறு எளிதில் படியாதவாறு காலின் மேற்பகுதியில் மாட்டும் வழக்கம் வந்தது. அதைக் காண்போர் கொடியின் நிறம், எந்தக் கால், எழுத்து, நாள், இடம் ஆகிய அனைத்தையும் குறித்தல் வேண்டும். அரைகுறையாகத் தெரிந்த எழுத்தை ஊகத்தால் நிரப்புதல் ஆகாது. 1995-இல் அர்ஜென்டினாவின் தியெரா டெல் ஃபுவேகோவில் வளையமிடப்பட்ட பி95 என்னும் நாட், 2014-இலும் உயிரோடிருந்ததை உலகம் அறிந்தது இவ்வாறு பொறுமையோடு படித்தவர்களால்தான்.