அடிவயிற்று வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்



1977இலும் 1983இலும் நடந்த இனவன்செயல்களால் மலையகத்தை விட்டு வன்னிக்குச் சென்று, அங்கே யுத்தத்தையும் கண்ட குடும்பங்கள் பல. அவர்களுக்கும் ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களிலுள்ள எங்களுக்கும் பொதுவான பழக்கம் ஒன்றுண்டு. அடிவயிறு வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வோம்.

சுகாதாரத் தொண்டராக லயங்களுக்குப் போகும்போது, "பொம்பளன்னா வலி இருக்கத்தானே செய்யும்" என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறேன். ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்ற கவலை வேறு. ஆனால் வலிக்குக் காரணம் உண்டு. பெரும்பாலும் சிகிச்சையும் உண்டு.

கொழுந்து மலைகள் பலவற்றில் மலசலகூடம் இல்லை. தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் நிற்பதால் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். எரிச்சலும் அடிக்கடி சிறுநீர் போவதும் அதன் அடையாளம். காய்ச்சலும் விலாப்பக்க வலியும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் உறவின்போது வலியும் இருந்தால், கருப்பையில் அல்லது கருக்குழாயில் தொற்று இருக்கலாம். உறவினால் பரவிய தொற்றானால் கணவரும் மருந்து எடுக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் பிள்ளைப்பேறு தடைப்படலாம்.

மாதவிடாய் வலி வரவரக் கூடி, எழும்ப முடியாமல் படுக்க வைத்தால் கருப்பைக் கட்டியோ, எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயோ காரணமாகலாம். கீழே ஏதோ இறங்குவது போன்ற பாரம் கருப்பை இறக்கத்தின் அறிகுறி. பல பிரசவங்களும் பாரம் சுமப்பதும் அதற்குக் காரணமாகும்.

போரிலோ வீட்டிலோ வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு, காயம் ஆறிய பின்னும் இந்த வலி நீடிப்பதுண்டு. அது கற்பனையல்ல. நடந்ததைச் சொல்ல விரும்பாவிட்டாலும் வலிக்குச் சிகிச்சை கேட்கலாம். சொல்ல விரும்பினால், அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' இருக்கிறது.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய வேளைகள்:

* திடீரென்று கடுமையான வலி. அதோடு வாந்தி, மயக்கம் அல்லது காய்ச்சல்.
* கர்ப்பகாலத்தில் கடும் வலி அல்லது இரத்தப்போக்கு.
* மாதவிடாய் தள்ளிப்போனபின் ஒரு பக்க வலி, இரத்தக்கசிவு. கரு குழாயில் தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. கருத்தடை ஆப்பரேஷன் செய்தவர்களுக்கும் அபூர்வமாக இப்படி நேரும். "எனக்குத்தான் ஆப்பரேஷன் செய்தாச்சே" என்று இருந்துவிடாதீர்கள்.

1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

உறவுக்குப் பின்னோ மாதவிடாய் நின்ற பின்னோ இரத்தம் கண்டாலும், வலி சில வாரங்கள் நீடித்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஆரம்பத்தில் வலிக்காது. அதனால்தான் 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகளில் 35 வயதுப் பெண்களை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

முதலில் உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் கேளுங்கள். மேலும் பரிசோதனை தேவையானால் மலையகத்தில் டிக்கோயா, நுவரெலியா வைத்தியசாலைகள் உள்ளன. போகும்போது கடைசி மாதவிடாய்த் திகதி, வலிக்கும் இடம், எடுத்த மருந்து ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். துணைக்கு ஒரு பெண்ணையும் அழைத்துச் செல்லுங்கள். சோதிக்கும்போது அவர் பக்கத்தில் இருக்கட்டும் என்று கேட்கலாம்.

உங்கள் வலியை நீங்கள் சொன்னால்தான் வைத்தியருக்குத் தெரியும்.