பெயருக்கு ஒரு தாளம்

25 பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோருமாக இரண்டு முறை தொடையில் தட்டுகிறார்கள், இரண்டு முறை கைதட்டுகிறார்கள். தொடையில் தட்டும்போது ஒரு பிள்ளை தன் பெயரைச் சொல்கிறது. கைதட்டும்போது வகுப்பே சேர்ந்து அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்கிறது. தாளம் நிற்பதில்லை. அடுத்த பிள்ளை, அடுத்த பெயர். ஒரு சுற்று முடிய இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை.

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் கல்வியாண்டு தொடங்கும் வாரத்தில் இசை வகுப்புப் பக்கம் போனால் இதுபோன்ற விளையாட்டுகளைப் பார்க்கலாம். அங்கே வகுப்பாசிரியருக்குத் தன் வகுப்புப் பிள்ளைகளைத் தெரிந்தால் போதும். இசை ஆசிரியரின் நிலைமை வேறு. பள்ளி முழுவதுமே அவருடைய மாணவர்கள். ஒவ்வொரு வகுப்பும் வாரத்துக்கு ஓரிரு முறைதான் அவரிடம் வரும். சில நூறு முகங்களை, சில நூறு பெயர்களோடு சேர்த்து அவர் நினைவில் வைத்தாக வேண்டும். வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் படித்தால் இது நடக்காது. ஏன் நடக்காது என்பதற்கு உளவியலில் நல்ல விளக்கம் இருக்கிறது.

1987இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் தெரியாத முகங்களைக் காட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரையும் ஒரு தொழிலையும் சொன்னார்கள். ஆங்கிலத்தில் ‘பேக்கர்’ என்பது ஒருவரின் பெயராகவும் இருக்கலாம், ரொட்டி சுடுபவரையும் குறிக்கலாம். அதே சொல்லைத் தொழிலாகச் சொன்னபோது நினைவில் நின்றது; பெயராகச் சொன்னபோது நழுவிப்போனது. நம் ஊரிலும் இப்படித்தான். ‘இவர் கோயிலில் மணி அடிப்பவர்’ என்றால் கோபுரம், கயிறு, ஓசை எல்லாம் மனத்தில் எழும். ‘இவர் பெயர் மணி’ என்றால் அந்த மணி ஒலிப்பதே இல்லை. பெயருக்குப் பொருள் இருந்தாலும் அது அந்த ஆளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பிடித்துக்கொள்ளக் கொம்பில்லாத கொடி மாதிரி அது மனத்தில் கிடக்கிறது.

அந்தக் கொடிக்குத் தாளம் ஒரு கொம்பு. ஆனால் தாளம் மட்டும் போதாது.

1978இல் உளவியலாளர்கள் தாமஸ் லேண்டவரும் ராபர்ட் பியோர்க்கும் பெயர்களை மனத்தில் பதிய வைப்பது பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுவதைவிட, மறக்கப் பார்க்கும் நேரத்தில் நாமே முயன்று நினைவுக்குக் கொண்டுவருவதுதான் பலன் தரும். இரண்டு முயற்சிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போவது இன்னும் நல்லது என்பது அவர்கள் கண்டது. 2000ஆம் ஆண்டில் பீட்டர் மாரிஸ், கேத்தரின் ஃபிரிட்ஸ் என்ற இரு பிரிட்டன் உளவியலாளர்கள் இதையே ஒரு விளையாட்டாக்கிக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்வதோடு, தனக்கு முன்னால் சொன்னவர்களின் பெயர்களையும் நினைவிலிருந்து சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவரை அறிமுகப்படுத்தும் வழக்கமான முறையைவிட இதில் பெயர்கள் நன்றாகப் பதிந்தன. பல மாதம் கழித்துக் கேட்டபோதும் அந்த வேறுபாடு மறையவில்லை.

இசை ஆசிரியர்கள் இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு விளையாட்டு அமைத்தவர்கள் அல்லர். ஆனாலும் அவர்களுடைய நல்ல விளையாட்டுகளில் இதே வேலைதான் நடக்கிறது. ஜாடியில் இருந்த பிஸ்கட்டை யார் எடுத்தது என்று வகுப்பு தாளத்தோடு கேட்கும் விளையாட்டு அமெரிக்கப் பிள்ளைகள் பலருக்கும் தெரிந்தது. குற்றம் சாட்டப்பட்ட பிள்ளை ‘நான் இல்லை’ என்று மறுத்துவிட்டு, உடனே இன்னொரு பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு தட்டு நேரத்துக்குள் எதிரே இருக்கும் முகத்தைப் பார்த்துப் பெயரைத் தேடி எடுக்க வேண்டும். தேடுவதுதான் பாடம். பெயர் வராமல் திணறினால் பக்கத்துப் பிள்ளை மெல்லச் சொல்லிக் கொடுக்கும், தாளம் தொடரும். தேர்வில் தவறியதுபோல யாரும் கூசிப்போவதில்லை.

மெட்டு என்ன செய்கிறது என்ற கேள்விக்கு ஆய்வாளர் வாண்டா வாலஸ் 1994இல் வெளியிட்ட ஆய்வு கவனிக்கத்தக்க விடை தருகிறது. பேசிக் கேட்ட வரிகளைவிடப் பாடிக் கேட்ட வரிகள் நினைவில் நின்றன. ஆனால் அதே மெட்டு அடுத்தடுத்த சரணங்களிலும் திரும்ப வந்தபோதுதான் இந்தப் பலன் கிடைத்தது. சரணத்துக்குச் சரணம் மெட்டு மாறினால் பலன் போய்விட்டது. பிள்ளைக்குப் பிள்ளை புதுப்புது மெட்டு போடும் ஆர்வக்கார ஆசிரியர் உண்மையில் பிள்ளைகளின் பாரத்தைக் கூட்டுகிறார். சின்ன மெட்டு, எல்லோருக்கும் ஒரே மெட்டு, அதில் பெயர் மட்டும் மாற வேண்டும்.

அந்தச் சின்ன மெட்டு எவ்வளவு சின்னதாக இருக்கலாம்? இரண்டே சுரம் போதும். ஹங்கேரிய இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாய் வழியில் கற்பிப்பவர்கள் பிள்ளைகளுக்கு முதலில் தருவது இறங்கிவரும் இரண்டு சுரங்கள். நம் முறையில் சொன்னால் பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு இறங்குவது. ஒரு முறை பாடிப் பார்த்தால் தெரியும், தெருவில் தூரத்துத் தோழியைக் கூவி அழைக்கும் குரலின் சாயல் அதில் இருக்கிறது. ஆசிரியர் அந்த இரண்டு சுரத்தில் ஒரு பெயரை அழைக்க, பிள்ளை அதே இரண்டு சுரத்தில் ‘இருக்கிறேன்’ என்று பாடினால் வருகைப் பதிவு முடிந்தது, சுருதிப் பாடமும் முடிந்தது.

ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஆர்ஃப் இன்னொரு வாசல் வழியாக வந்தார். குனில்ட் கீட்மனுடன் சேர்ந்து 1950 முதல் 1954 வரை அவர் வெளியிட்ட, பிள்ளைகளுக்கான ஐந்து இசைத் தொகுதிகளில் பேச்சிலிருந்துதான் தாளம் பிறக்கிறது. ஆர்ஃப் வழி வகுப்புகளில் பிள்ளைகளின் பெயர்களும் மரங்கள், பூக்கள், பழங்களின் பெயர்களுமே தாளத்தின் செங்கற்கள். ஒரு பெயரைத் தட்டுவார்கள், அதோடு இன்னொன்றைச் சேர்ப்பார்கள், இரண்டும் சேர்ந்து ஒரு தாளக் கட்டாகிவிடும்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஏதோ ஞாபகம் வரும். யாப்பிலக்கணம் நம் சொற்களின் ஓசையை அளந்து வாய்பாடு வைத்தபோது தேர்ந்தெடுத்தவையும் மரங்களே: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். எந்த வகுப்பின் பெயர்ப் பட்டியலிலும் பல பெயர்களை இந்த நான்கில் போட்டுப் பார்க்கலாம். மாலா தேமா. கவிதா புளிமா. கார்த்திகா கூவிளம். இனியவன் கருவிளம். பத்தாம் வகுப்பில் அலகிட்டு வாய்பாடு கூறும் கேள்விக்கு அஞ்சும் பிள்ளைகள், ஒன்றாம் வகுப்பிலேயே தங்கள் பெயரைத் தட்டிப் பழகியிருந்தால் அசை என்பதை விரல்நுனியில் வைத்திருப்பார்கள். இது ஆசை மட்டுமல்ல, செய்து பார்க்கக்கூடிய காரியம். கரும்பலகைகூடத் தேவையில்லை.

பெயரும் பாட்டும் சேர்ந்த விளையாட்டு நமக்குப் புதிதல்ல. இரண்டு அணிகள் கைகோத்து எதிரெதிரே நின்று, முன்னும் பின்னும் நடந்து, பூப்பறிக்க யார் வருவது என்று பாடிக் கேட்டு ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கும் விளையாட்டை ஆடிய பெண்கள் பலர் இருக்கிறார்கள். கண்ணைப் பொத்திக்கொண்டு, கிள்ளிவிட்டுப் போனது யார் என்று பெயர் சொல்லிக் கண்டுபிடிக்கும் விளையாட்டும் உண்டு. ஊர்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்தது இப்படித்தான்.

பெயர் என்பது பிள்ளைக்கு எவ்வளவு அந்தரங்கமானது என்பதை 1995இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நாலரை மாதக் குழந்தைகளுக்கு அவர்களுடைய பெயரையும் வேறு பெயர்களையும் ஒலிக்கவிட்டார்கள். தாள அழுத்தம் ஒன்றுபோலவே இருந்த வேறு பெயரைவிடத் தன் பெயரைக் குழந்தைகள் அதிக நேரம் கேட்டன. பொருள் எதுவும் தெரியாத வயதிலேயே அந்த ஓசை பிள்ளைக்குப் பழகிவிட்டது. அப்படிப்பட்ட ஓசையைப் பள்ளி சிதைத்துச் சொன்னால் வலிக்காமல் என்ன செய்யும்? 2012இல் கல்வி ஆய்வாளர்கள் ரீதா கோலியும் டேனியல் சொலோர்சானோவும் அமெரிக்கப் பள்ளிகளில் பெயர் தவறாக உச்சரிக்கப்பட்டவர்களின் அனுபவங்களைத் தொகுத்தார்கள். வேற்று மொழிப் பெயர் கொண்ட பலர் அதனால் வந்த கூச்சத்தை வளர்ந்த பிறகும் சுமந்தார்கள். டொராண்டோவிலோ லண்டனிலோ பள்ளிக்குப் போகும் ஒரு யாழினியை நினைத்துக்கொள்ளலாம். பதிவேட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து ஆசிரியர் அவள் பெயரைப் படித்தால் ‘ழ’ வராது. தொடக்கத்தில் பார்த்த எதிரொலி விளையாட்டில் பெயர் முதலில் வருவது அவள் வாயிலிருந்துதான். ஆசிரியரும் வகுப்பும் அதைக் கேட்டுத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். பெயரின் சரியான வடிவத்துக்கு அவளே அதிகாரி.

இதனால்தான் எல்லாப் பெயர் விளையாட்டும் நல்லதல்ல. 1964இல் ஷெர்லி எல்லிஸ் பாடிப் புகழ்பெற்ற ‘த நேம் கேம்’ பாட்டில் பெயரின் முதல் எழுத்தை மாற்றி மாற்றிப் பாடுவார்கள். சில பெயர்களுக்கு அது வேடிக்கை. சில பெயர்கள் கெட்ட வார்த்தையாகவே மாறிவிடும், அந்த ஆண்டு முழுக்க அதுவே பட்டப்பெயராக நிற்கும். முதல் வாரத்தில் பெயரை உடைக்காமல் முழுசாகச் சொல்வதே முறை.

திக்கிப் பேசும் பிள்ளைகளையும் இங்கே நினைக்க வேண்டும். திக்குபவர்கள் பலருக்குச் சொந்தப் பெயரே சொல்லக் கடினமான சொல். வேறு சொல்லுக்கு மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. எழுந்து நின்று பெயர் சொல் என்பது அவர்களுக்குப் பெரிய தண்டனை. பாடும்போதும் பலரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் திக்கல் வெகுவாகக் குறைகிறது என்பது பேச்சுப் பயிற்சியாளர்கள் நன்கறிந்தது. வகுப்பு முழுவதும் சேர்ந்து பெயரைப் பாடும் விளையாட்டில் அந்தப் பிள்ளையின் குரலும் தடையின்றிக் கலந்துவிடும். தனியாகச் சொல்ல விரும்பாத பிள்ளை தட்டிக் காட்டினால் போதும் என்ற விதி இருந்தால் இன்னும் நல்லது.

அந்தத் தட்டலிலிருந்தே அடுத்த விளையாட்டு தொடங்கும். சில வாரம் போன பின் ஆசிரியர் வாய் திறப்பதில்லை. முரசில் ஒரு பெயரின் தாளத்தை மட்டும் வாசிக்கிறார். வாசல் பக்கம் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் உற்றுக் கேட்கிறார்கள். தன் பெயர் என்று தெரிந்தவர் நகர்ந்து வெளியே போகலாம். கூவிளத்தின் தாளம். கார்த்திகா காலெடுத்து வைக்கிறாள். அதே நேரத்தில் வரிசையின் மறுகோடியிலிருந்து பூங்கொடியும் வருகிறாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து நிற்கிறார்கள். ஆசிரியர் மறுபடி அதையே வாசிக்கிறார்.