பகைமை என்ற சொல் யார்மீது பாய்கிறது?

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் வழக்குக்காகக் காத்து நிற்போரின் காதில் 'ஹொஸ்டைல்' என்ற ஆங்கிலச் சொல் அடிக்கடி விழும். தன்னை அழைத்த தரப்புக்கே எதிராகச் சாட்சி மாறிப் பேசினால், "ஹொஸ்டைல் ஆகிவிட்டார்" என்பார்கள். அதன் பெயர்ச்சொல் 'ஹொஸ்டிலிற்றி'. நாம் பகைமை என்போம். பன்மையில் வந்தால் போரையே குறிக்கும். இதற்கு மூலமான இலத்தீன் சொல் ஆதியில் அந்நியனைத்தான் குறித்தது. பகைவன் என்ற பொருள் பிறகே ஏறியது.

எமது நாட்டில் இச்சொல் சட்டத்திலும் இருக்கிறது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், பேச்சாலோ எழுத்தாலோ சமூகங்களுக்கிடையே பகைமை உணர்வை உண்டாக்குவதைக் குற்றமாக்கியது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமும் பகைமையைத் தூண்டும் இன, மத வெறுப்புப் பிரசாரத்தைத் தடை செய்கிறது. நல்ல நோக்கம்தானே என்று தோன்றும்.

கொட்டாஞ்சேனையில் 1883 உயிர்த்த ஞாயிறன்று பௌத்தர்களின் ஊர்வலமொன்று தாக்கப்பட்டது. தாக்கியோர் கத்தோலிக்கர், இதை நாம் மறைக்கக்கூடாது. போதிய சாட்சியமில்லை என்று வழக்குக் கைவிடப்பட்டது. ஒல்கொட் அந்த முறைப்பாட்டுடன் 1884இல் இலண்டன்வரை சென்றார்.

நூறு ஆண்டுகள் கழித்து, 1983 ஜூலை 24 இரவு பொரளையில் தொடங்கிய வன்செயல் மறுநாள் வெள்ளவத்தைக்கும் பரவியது. காலி வீதியில் தமிழரின் கடைகள் எரிந்தன. வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடுகளைத் தேடி வந்தார்கள். அயலவரான சிங்களவர் பலர் தமிழரைத் தம் வீடுகளில் ஒளித்துக் காத்ததையும் சொல்லத்தான் வேண்டும். பகைமையைத் தடுக்கும் சட்டம் வந்து அப்போது நான்கு ஆண்டுகள். ஆயினும் அந்த வன்செயலை ஏற்பாடு செய்தோர் எவரும் தண்டிக்கப்படவில்லை.

அதே சட்டம் வேறு ஆட்களைக் கண்டுபிடித்தது. பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகம் 2008 மார்ச்சில் கைதானார். சமூகங்களுக்கிடையே முரண்பாட்டை ஏற்படுத்த எழுதினார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2009 ஆகஸ்டில் கொழும்பு மேல் நீதிமன்றம் 20 ஆண்டு கடூழியச் சிறை விதித்தது. 2010 மே மாதம் ஜனாதிபதி மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. எழுதியவை சில கட்டுரைகள்!

மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பிடிக்கப்பட்டார். காரணம் 'நவரசம்' என்ற அவரது தமிழ்க் கவிதைத் தொகுப்பு. வன்முறைக்கு எதிரான கவிதைகளும் அதில் உண்டு. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பிணை கிடைக்குமுன்பே 19 மாதங்கள் காவலில் கழிந்திருந்தன.