குறி பழகுவோருக்கு எந்தத் துப்பாக்கி?

திருவிழாக் காலங்களில் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில், பலூன் சுடும் கடை முன் கூட்டத்துக்குக் குறைவிராது. அங்கே பத்துப் பலூனில் எட்டை உடைத்துவிட்ட பிள்ளை, வீடு திரும்பியதும் தனக்கே ஒரு துப்பாக்கி வேண்டுமென்று ஆரம்பித்து விடுகிறான். பெண் குழந்தைகளும் கேட்கிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2021-இல் டோக்கியோவிலும், 2024-இல் பாரிஸிலும் ஒலிம்பிக் பந்தயத்தில் குறி பார்த்த பிறகு, அவர்களை வேண்டாமென்று சொல்ல நமக்கு நியாயம் ஏது?

குறி பழக ஏற்ற சிறு துப்பாக்கிகள் இரண்டு வகை. ஒன்று 0.22 அங்குலத் தோட்டாத் துப்பாக்கி, மற்றொன்று 0.177 அங்குலக் காற்றுத் துப்பாக்கி. முன்னதை விரும்புவோர் முதலில் சட்டத்தை நினைக்க வேண்டும். 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இந்தியரைக் கட்டி, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் அதை ஆட்சேபித்தது. 1959-ஆம் வருஷத்துச் சுதேசிச் சட்டத்தில் அந்தப் பேதம் இல்லை. ஆயினும் 21 வயதும் லைசென்ஸும் வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம் வேறு: இந்தச் சின்னத் தோட்டாவின் குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் போகக்கூடியது. தோட்டமும் கிணறும் ஆட்டு மந்தையுமாய் உள்ள நமது சமவெளியில், ஒரு மைலுக்கு மனித நடமாட்டமற்ற இடத்தை எங்கே தேடுவது?

ஆகவே காற்றுத் துப்பாக்கியே ஆரம்பத்துக்கு ஏற்றது என்பது நமது அபிப்பிராயம். 0.177 அங்குலத்துக்கும், 20 ஜூல் சக்திக்கும் மேற்படாததற்கு 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. இதிலும் அழுத்திய காற்றை அடைத்து வைக்கும் ரகம் உண்டு. சுடும்போது அசையாது, ஆனால் அதற்குத் தனிப் பம்பும் வாங்க வேண்டுமென்பதைச் சிலர் பிறகுதான் அறிகிறார்கள். குழாயை மடக்கிச் சுருள்வில்லை இறுக்கும் ரகம் மலிவு. குண்டு வெளியேறுமுன் துப்பாக்கி சற்றே குலுங்கும். பிடிப்பு சரியில்லையானால் அட்டை உடனே காட்டிக் கொடுத்துவிடும். பழகுகிறவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் வேண்டாம்.

கடைக்காரர் "சக்தி அதிகம்" என்று புகழ்வதில் மயங்க வேண்டாம். பந்தயத்தில் இலக்கு 10 மீட்டர் தூரம். நடுப் புள்ளியோ அரை மில்லிமீட்டர். அதற்குப் பலம் வேண்டாம். கடினமான வில்லை மடக்கப் பிள்ளைக்குத்தான் கை வலிக்கும். கட்டையின் அடியை முழங்கையின் உள்மடிப்பில் வைத்தால், விரல் விசைக்கு எட்ட வேண்டும். குழாயினுள்ளே திருகு வரிகள் தெரிய வேண்டும். தூரதர்சினிக்குச் செலவிடும் பணத்தை நல்ல ஈயக் குண்டுகளில் செலவிடுங்கள். தட்டை முனைக் குண்டு அட்டையில் சுத்தமான துளை போடும். குண்டில்லாமல் விசையை இழுத்தால் இயந்திரம் கெடும்.

லைசென்ஸ் இல்லை என்பதால் இது விளையாட்டுச் சாமானாகி விடாது. அரை கிராம் ஈயம் ஒரு கண்ணைப் போக்கப் போதும். பாறையையும் செங்கல்லையும் நோக்கிச் சுட்டால் குண்டு திரும்பி வரும். மணல் நிரப்பிய பெட்டியே பின்னால் இருக்கட்டும். கண்ணுக்குக் கண்ணாடி அணிய வேண்டும். சுட்டபின் கை கழுவ வேண்டும். மயிலைக் குறி பார்த்தால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் சும்மா விடாது. வேலை முடிந்ததும் துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவது பெற்றோர் பொறுப்பு. நல்ல பூட்டுக்காகத் திண்டுக்கல்காரர் வெளியூர் போக வேண்டியதில்லை.